யார் தோண்டிய மண், யார் நிலத்தில்?

ரொறொன்ரோவில் ஓர் அடுக்குமாடிக்குக் கீழே நான்கைந்து தளங்களுக்கு வாகனத் தரிப்பிடம் தோண்டினால், அந்த மண் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். சுரங்க ரயில், கழிவுநீர்க் குழாய், நெடுஞ்சாலை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்ராறியோ மாகாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி கன மீற்றர் மண் மிஞ்சுகிறது என்பது மதிப்பீடு. லொறிக்கு 10 கன மீற்றர் என்று கொண்டால் 25 லட்சம் லொறி மண். இதில் ஒரு பகுதி நகரத்தைச் சுற்றியுள்ள விவசாய டவுன்ஷிப்புகளுக்குப் போகிறது. கைவிட்ட சரளைக்கல் குழிகளும் பள்ளமான வயல்களும் அதை வாங்கிக்கொள்கின்றன. நில உரிமையாளருக்கு லொறிக்கு இவ்வளவு என்று பணம். ஸ்காபரோவிலும் ஏஜாக்ஸிலும் மார்க்கத்திலும் புதுவீடு வாங்கிய தமிழர்களுக்கும் இது வெளியார் பிரச்சினை அல்ல. நம் வீட்டு நிலவறைக்குத் தோண்டிய மண் இன்னொருவர் கிணற்றுக்குப் பக்கத்தில் கிடக்கலாம்.

நிலமட்டத்தை மாற்றுவதையும் மண் கொட்டுவதையும் மேல்மண்ணை அகற்றுவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2001ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், 142ஆம் பிரிவில், உள்ளூராட்சிகளுக்குத் தந்திருக்கிறது. பிறகு மாகாண அரசு மிகைமண் குறித்து 406/19 என்ற ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அதன் முக்கிய பகுதிகள் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் உள்ளூராட்சிகள் மண் குறித்து எழுதிய துணைச்சட்டங்கள் பழசாகிவிட்டன. டவுன்ஷிப்புகள் அவற்றைத் திருத்தி எழுதுவது இதனால்தான்.

திருத்தங்களில் பாராட்ட வேண்டியவை உண்டு. நல்ல துணைச்சட்டம் லொறி எந்த வழியாக வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குகிறது. பனி உருகும் மார்ச், ஏப்ரலில் கிராமச் சாலைகளின் அடித்தளம் நெகிழ்ந்துபோகும். ஓர் அச்சுக்கு 5 டன் என்ற சுமைக்கட்டுப்பாடு அதற்காகவே இருக்கிறது. நூற்றுக்கணக்கான மண் லொறிகள் ஓடி உடைத்த சாலையை ஊரார் வரிப்பணத்தில் செப்பனிடுவது அநியாயம். பிணைத்தொகை வாங்கி வைத்தால் அந்த அநியாயம் குறையும். அயலாருக்கு முன்னறிவித்தல், வடிகால் வரைபடம் கேட்பது ஆகியவையும் தேவையானவை. ஒரு வயலை ஒரு மீற்றர் உயர்த்தினால் மழைநீர் அடுத்த வயலில்தான் இறங்கும்.

துணைச்சட்டம் வலுவான கருவி என்பதற்கு பேர்லிங்ரன் வழக்கு சான்று. அங்கே ஒரு தனியார் விமான நிலையம் பெருமளவு மண்ணை இறக்கிக்கொண்டது. விமானத்துறை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, நகரசபையின் விதி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டது. 2013இல் உயர் நீதிமன்றமும் 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. மண் கொட்டுவது வானூர்திப் பணியின் உள்ளார்ந்த பகுதி அல்ல என்ற அந்தத் தீர்ப்பு சிறிய உள்ளூராட்சிகளுக்குப் பெரிய துணிவைக் கொடுத்தது.

இனிக் குறைகள். எனக்கு முதன்மையாகத் தெரிவது, பெரும்பாலான விதிகள் மண்ணின் அளவை வைத்தே தரம் பிரிப்பது. மாகாண விதியிலும் மண்ணை ஏற்கும் இடம் பொதுப் பதிவேட்டில் ஏறுவதற்கான எல்லை 10,000 கன மீற்றர். ஒரு ஹெக்டேர் நிலத்தை முழுக்க ஒரு மீற்றர் உயர்த்துகிற அளவு அது, ஆயிரம் லொறி. அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் திட்டம் அந்தப் பதிவேட்டில் ஏறாது. டவுன்ஷிப் துணைச்சட்டமும் இதே வழியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று படி வைக்கும்போது, பெரிய வேலையை இரண்டு மூன்று விண்ணப்பங்களாக உடைக்கலாம். இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று நீட்டலாம். ஒரு நிலத்தில் எல்லாக் காலத்துக்குமாகச் சேர்ந்த மொத்த அளவைக் கணக்கிடாத படிமுறையால் பயனில்லை. பழைய பெற்றோல் நிலைய மண் ஐந்து லொறி வந்தாலே கிணறு கெடலாம்; தோட்ட நிலத்து மண் ஐந்நூறு லொறி வந்தாலும் கெடாமல் இருக்கலாம். கேட்க வேண்டிய முதற்கேள்வி மண் எங்கே தோண்டப்பட்டது என்பதுதான்.

பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். மாகாண விதிப்படி மாதிரி எடுக்க வேண்டிய இடங்களில்கூட முதல் 10,000 கன மீற்றர் வரை 200 கன மீற்றருக்கு ஒரு மாதிரிதான், அதாவது சுமார் இருபது லொறிக்கு ஒன்று. அளவு கூடக்கூட மாதிரிகளின் இடைவெளியும் கூடுகிறது. ஆபத்துக் குறைந்தவை என்று கருதப்படும் இடங்களுக்கு 2023 தொடக்கத்தில் திட்டமிடல் கடமைகளிலிருந்தே விலக்கு கிடைத்தது. அறிக்கை எழுதும் வல்லுநருக்குச் சம்பளம் கொடுப்பது தோண்டுகிறவர் தரப்பு. அந்த வல்லுநர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்றுநீரையே குடிக்கும் ஊரின் சார்பில் அந்த அறிக்கையைப் படித்துப் பார்க்க டவுன்ஷிப் தானே தேர்ந்த இன்னொரு வல்லுநர் வேண்டும். செலவை விண்ணப்பதாரர் ஏற்க வேண்டும். இது எழுதப்படாத துணைச்சட்டம் தபால் பெட்டி வேலைதான் பார்க்கும்.

விவசாய விலக்கு இன்னும் சிக்கலானது. வழமையான பண்ணை நடைமுறையை நகராட்சி விதி தடுக்கக்கூடாது என்கிறது 1998ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம். அது நியாயமான சட்டம். களஞ்சியம் கட்ட மேடை போடுகிறவரையும் அரித்துப்போன மூலையில் மேல்மண் பரப்புகிறவரையும் அனுமதிக்காக அலையவிடக் கூடாது. ஆனால் சுரங்கப்பாதைக்குத் தோண்டிய ஆழத்துக் களிமண்ணில் பயிர் நன்றாக வளராது. அதை வயலில் இரண்டு மீற்றர் கொட்டினால் மேல்மண் புதையும், லொறிச் சக்கரங்களால் நிலம் இறுகும், வயலுக்கு அடியில் செலவழித்துப் போட்ட வடிகுழாய்கள் நசுங்கும். அதை உழவு என்று ஏற்க முடியாது. நல்ல துணைச்சட்டம் விவசாயியிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்கலாம்: இந்த மண் வந்தபின் இந்த நிலத்தில் என்ன பயிர் முன்னைவிட நன்றாக விளையும்? விடை இருந்தால் அனுமதி எளிதாகக் கிடைக்கட்டும்.

அபராதம் பற்றியும் சொல்லவேண்டும். மீறலுக்கு 1,00,000 டொலர் வரையும், தொடரும் மீறலுக்கு நாளொன்றுக்கு 10,000 டொலர் வரையும் விதிக்க நகராட்சிச் சட்டம் இடம் தருகிறது. மீறலால் வந்த இலாபத்தைப் பறிக்கும் சிறப்பு அபராதமும் உண்டு. இவையெல்லாம் துணைச்சட்டத்தில் எழுதப்பட்டால்தான் பயன்படும். ஆனாலும் பரந்த கிராமப்புறத்துக்கு ஓரிரு அமலாக்க அலுவலர்கள்தான் என்றால், புகார் வந்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மண் இறங்கிப் புல்டோசர் சமன்படுத்தியிருக்கும். கொட்டிய மண்ணை மீண்டும் அள்ளுவது கொட்டுவதைவிடப் பலமடங்கு செலவு. அதனால் அபராதத்தைவிடப் பிணைத்தொகையையே நான் நம்புகிறேன். அதுவும் சாலைக்கு மட்டுமல்ல, மண்ணைத் திரும்ப அகற்றும் செலவுக்கும் ஈடாக இருக்கவேண்டும்.

ஒரு டவுன்ஷிப் இறுக்கினால் லொறிகள் அடுத்த டவுன்ஷிப்புக்குத் திரும்பும். முழுத் தடை போடுகிற ஊர்கள் தங்கள் கிணற்றைக் காத்து அயலூர்க் கிணற்றைக் கைவிடுகின்றன. ஒரு பிராந்தியத்தில் உள்ள டவுன்ஷிப்புகள் ஒரே வாசகத்தை ஏற்று, அமலாக்க அலுவலர்களையும் பகிர்ந்துகொண்டால் இது பெருமளவு அடங்கும். ரொறொன்ரோ தன் கட்டட அனுமதியிலேயே மண் போகும் முகவரியைக் கேட்பது அதைவிட நேரான வழி. அதை நகரவாசிகளாகிய நாம்தான் நம் கவுன்சிலரிடம் வற்புறுத்த முடியும்.

உங்கள் டவுன்ஷிப்பில் இந்தத் துணைச்சட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வந்தால், கூட்டத்துக்குப் போங்கள். மண் தோண்டிய இடத்தை வெளியிடும் விதியும், டவுன்ஷிப் நியமிக்கும் வல்லுநரும், அகற்றும் செலவுக்கான பிணைத்தொகையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.