சுட்டவரே எழுதும் கதை

என்கவுன்டர் அறிக்கைகளை ஓர் இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். நாலைந்து படித்தால் போதும், அடுத்ததை நாமே எழுதிவிடுவோம். போலீஸ் எச்சரிக்கும். எதிரே இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். கல், அரிவாள், கோடாரி என்று தாக்குவார்கள். தற்காப்புக்காகச் ‘சுட நேர்ந்தது’. யார் சுட்டார்கள் என்று அந்த வாக்கியத்தில் இருக்காது. செத்தவர்கள் மீது கொலை முயற்சி வழக்கு பதிவாகும். குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடியும். அவ்வளவுதான்.

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பகுதியையும் தர்மபுரியின் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். இந்த மலைகளில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சாமை விளையும் மேட்டு நிலம், தேன், புளி. அது போதாதபோது கூலிக்கு வெளியூர்.

படை சொன்ன கதை மேலே சொன்ன அச்சில்தான் இருந்தது. ஆனால் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வேறு கதை சொன்னார்கள்: முந்தைய நாளே சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று.

‘கடத்துனவன்தானே’ என்பவர்கள் நம்மூர் டீக்கடையிலும் உண்டு. செம்மரம் வெட்டுவது குற்றம், சரி. அந்தக் காட்டில் வேலை பார்ப்பது ஆபத்து, அதுவும் சரி. 2013 டிசம்பரில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆனால் மரம் வெட்டியதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை சிறை. மரணம் இல்லை.

சேஷாசலத்துக்கு ஏழு மாதம் முன்புகூட இல்லை, 2014 செப்டம்பர் 23 அன்று, பியூசிஎல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. என் வேலை மென்பொருள் என்பதால், எனக்கு அவை பழக்கமான ஒன்றாகத் தெரிந்தன. சர்வர் விழுந்தால் நாங்களும் ‘போஸ்ட்மார்ட்டம்’ எழுதுவோம் (பெயர் அதேதான், செத்தவர் யாரும் இல்லை). லாக்கை யாரும் தொடாமல் பூட்டிவைப்போம். மாற்றம் செய்தவர் சொல்வதை மட்டும் வைத்து அறிக்கையை முடிக்க மாட்டோம்.

நீதிமன்றம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். எஃப்ஐஆர் போடு. சுட்ட ஆயுதத்தை ஒப்படை. விசாரணை சிஐடியோ வேறு ஸ்டேஷனோ செய்யட்டும். மேற்பார்வை அதிகாரி, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்கட்டும். மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம். வீரம் சந்தேகமின்றி உறுதியாகும்வரை பதவி உயர்வும் பதக்கமும் கிடையாது. குற்றம் செய்ததாகச் சான்று காட்டினால் உடனே ஒழுங்கு நடவடிக்கை, சஸ்பென்ஷன். ஒரு விமர்சகனாக இதைச் சுருக்கினால்: கதையை எழுதும் ஆளை மாற்று.

சேஷாசலத்தில் ஆள் மாறினாரா? சுட்ட படைக்குத் தலைவர் டிஐஜி. விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைவர் ஐஜி. சரியாக ஒரு படி மேலே. நெறிமுறையின் எழுத்து காப்பாற்றப்பட்டது. ஆனால் இரண்டும் ஆந்திர போலீஸ். ஆணையம் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் இடைக்கால நிவாரணம் தரப் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. படைத் தலைவரோ அதற்குப் பிறகும் அதே படைக்குத் தலைமை தாங்கினார். அவர் மீது எந்த நீதிமன்றமும் குற்றம் தீர்க்கவில்லை. ஆனால் முடியாத ஒரு விசாரணையின் நடுவே அந்த நாற்காலி என்ன சொல்கிறது என்றுதான் யோசிக்கிறேன்.

இப்படித்தான் முடியும் என்று விதி ஒன்றும் இல்லை. சேஷாசலத்தில் செத்தவர்களில் ஏழு பேர் சித்தேரி மலைக்காரர்கள். அதே மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அங்கேயும் முதலில் வந்த அரசுக் கதை ‘கடத்தல்காரர்கள்’தான். ஆனால் 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. 2011இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். அவர்களுக்கோ குடும்பத்துக்கோ வேலை அல்லது நிரந்தர சுயதொழில் தர வேண்டும். அன்றைய கலெக்டர், எஸ்பி, வனத்துறை அதிகாரி மீதும் நடவடிக்கை.

31 வருஷம் ஆனது; அதைக் கொண்டாட முடியாது. ஆனால் அங்கே எழுதும் ஆள் மாறினார், சாட்சி சொல்ல அந்தப் பெண்கள் உயிரோடு இருந்தார்கள். என்கவுன்டரில் இந்த இரண்டாவதுதான் முதலில் போய்விடுகிறது.

அடுத்த என்கவுன்டர் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, ‘செத்தவன் யோக்கியனா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கதையை எழுதியது யார்? விசாரிப்பவருக்கும் சுட்டவருக்கும் ஒரே துறையா? சுட்டவர் நாளைக் காலை எந்த வேலைக்குப் போவார்? இவற்றைக் கேட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.