உள்குத்தகைக்கு விட்ட துப்பாக்கி: ஈராக்கின் உள்ளூர்ப் படைகளும் பெயரிடுதலும்

'மிலிஷியா' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? ஈராக் பற்றிய செய்திகளில் நம் பத்திரிகைகள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. பிடித்தவர்கள் என்றால் 'ஊர்க்காவல் படை', பிடிக்காதவர்கள் என்றால் 'ஆயுதக் கும்பல்', இரண்டும் தோன்றாவிட்டால் 'துணை ராணுவம்'. இவற்றில் ஒன்றுகூட அப்பாவிச் சொல் கிடையாது. தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படைக்காரர் என்றால் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கிற காக்கிச் சட்டைக்காரர். எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு கிழக்கிலங்கைத் தமிழருக்கு அதே சொல், அரசிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்ட பக்கத்து ஊர்க்காரரைக் குறித்தது. ஆகவே அகராதியைப் புரட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. பெயரை யார் வைக்கிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள், மாற்றும்போது யார் தலையில் விடிகிறது என்று பார்க்க வேண்டும். ஈராக்கை அப்படி வாசித்துப் பார்க்கிறேன்.

2006 செப்டம்பரில் அன்பர் மாகாணத்தின் ரமாதியில், ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா தலைமையில் சில சுன்னி இனக்குழுக்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பின. 'சஹ்வா', அதாவது விழிப்பு, என்ற பெயரில் அவர்கள் அறியப்பட்டார்கள். இவர்களோடு பிறகு சேர்ந்தவர்களில் பலர் கொஞ்ச காலம் முன்புவரை அமெரிக்கர்களைச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். 2007இல் அமெரிக்க ராணுவம் இந்த ஏற்பாட்டைப் பாக்தாதுக்கும் பிற மாகாணங்களுக்கும் விரித்தது. ஆளுக்கு மாதம் சுமார் 300 டாலர். பெயரையும் ராணுவமே வைத்தது: 'அக்கறையுள்ள உள்ளூர்க் குடிமக்கள்'. இதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குடிநீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறவங்க மாதிரி இருக்கிறது. துப்பாக்கி வாடையே கிடையாது. 2008இல் இந்தப் பெயர் 'ஈராக்கின் மைந்தர்கள்' என்று மாறியது. எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சம். படியளந்தது அந்நிய ராணுவம். மைந்தர்கள் மட்டும் ஈராக்குக்கு.

2008 அக்டோபரில் தொடங்கிச் சம்பளப் பட்டியல் ஈராக் அரசின் கைக்குப் போனது. 20 சதவீதம் பேருக்குப் போலீஸ், ராணுவ வேலை, மற்றவர்களுக்குச் சிவில் வேலை என்று பேச்சு. 2010 நடுப்பகுதிவரை பாதிப் பேருக்குக்கூட வேலை வரவில்லை. 2009 மார்ச்சில் பாக்தாதின் ஃபாதில் பகுதித் தலைவர் கைது செய்யப்பட்டார். அங்கே துப்பாக்கிச் சண்டை நடந்தது. நேற்றைய காவலர் இன்றைக்குக் குற்றவாளி. அவர் உண்மையிலேயே குற்றம் செய்தவராகவும் இருக்கலாம். என் கேள்வி வேறு: சம்பளம் கொடுக்கிற கை மாறுகிறவரைக்கும் அந்தக் குற்றம் ஏன் கண்ணில் படவில்லை?

அரசு பலவீனமாக இருக்கிற இடத்தில் இப்படிப்பட்ட படைகள் தானாக முளைக்கின்றன என்பதே வழக்கமான விளக்கம். இதற்கு மாக்ஸ் வேபரைத் துணைக்கு அழைப்பார்கள். ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமான வன்முறைக்கு ஏகபோக உரிமை கொண்டாடுவதே அரசு என்று 1919இல் அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்றை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை: மற்ற அமைப்புகளுக்கு வன்முறை உரிமை உண்டென்றால், அரசு அனுமதிக்கிற அளவுக்குத்தான். 'அனுமதி' என்கிற இந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஏகபோகத்தை அரசு எப்போதும் பறிகொடுத்துவிடுவதில்லை, சில சமயம் உள்குத்தகைக்கு விடுகிறது. கிராமத்தில் உள்குத்தகை பார்த்தவர்களுக்கு இது புரியும். விளைச்சல் மேலே போய்ச் சேரும். தகராறு வந்தால், "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று நிலக்காரர் கைகழுவலாம்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. 2014 ஜூன் 10 அன்று மோசூலில் அரசின் முறையான ராணுவம் சிதறி ஓடியது. மூன்று நாள் கழித்து, ஜூன் 13 வெள்ளிக்கிழமை, ஆயத்துல்லா சிஸ்தானியின் அழைப்பு கர்பலாவில் வாசிக்கப்பட்டது. அதன்பின் திரண்ட 'ஹஷ்த் அல் ஷாபி', அதாவது மக்கள் திரட்சி, இல்லாவிட்டால் பாக்தாதின் கதி என்னவாகியிருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பல்லாயிரம் இளைஞர்கள் சம்பளத்துக்காகப் போகவில்லை, அவர்களில் நிறையப் பேர் திரும்பி வரவுமில்லை. இதைக் கொச்சைப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பிரதியைக் கவனிக்க வேண்டும். அந்த அழைப்பு அரசின் பாதுகாப்புப் படைகளில் சேரச் சொன்னது. வந்தவர்களில் பெரும்பகுதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டவை, எண்பதுகளில் ஈரானில் உருவான பத்ர் போல, ஏற்கனவே இருந்த குழுக்கள். 2016 நவம்பர் 26இல் இயற்றப்பட்ட சட்டம் ஹஷ்தை ஆயுதப் படைகளின் ஒரு பகுதியாக்கியது; கட்சித் தொடர்பு கூடாது என்றது. 2018 மே தேர்தலில் பத்ர் தலைவர் ஹாதி அல் அமிரியின் ஃபத்தா கூட்டணி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஐ.எஸ். மீதான வெற்றி 2017 டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. 2023 பட்ஜெட்டிலோ ஹஷ்தின் ஆள்கணக்கு 2,38,000. எதிரி குறைகிறான், காவல் பெருகுகிறது.

காவலுக்குள் வாழ்கிறவர்களைப் பற்றி மேலேயுள்ள எந்தப் பெயரும் எதுவும் சொல்வதில்லை. 2016 ஜூனில் ஃபலூஜாவை மீட்கும் போரின்போது சக்லாவியாவிலிருந்து தப்பி வந்த ஆண்களையும் பையன்களையும் ஆயுதக்காரர்கள் தனியே பிரித்துக் கொண்டுபோனார்கள். காணாமல் போனவர்களின் பட்டியலில் 643 பெயர்கள் இருப்பதாக ஐ.நா. மனித உரிமை ஆணையர் அப்போது சொன்னார். விசாரணைக் குழு அமைத்தார்கள். வருஷங்கள் போயின, ஆட்கள் வரவில்லை. பாக்தாதுக்குத் தெற்கே ஜுர்ஃப் அல் சகர், அதாவது பாறைக் கரை, என்றொரு ஊர். 2014 அக்டோபரில் மீட்கப்பட்டதும் ஜுர்ஃப் அல் நஸ்ர், வெற்றிக் கரை, என்று பெயர் மாற்றினார்கள். அங்கே வாழ்ந்த சுன்னி மக்களைப் பத்தாண்டு கழிந்தும் திரும்ப விடவில்லை. ஊருக்குப் புதுப் பெயர் கிடைத்தது, அதைச் சொல்லிக் கூப்பிட ஊர்க்காரர் இல்லை.

பெயரிடுதலின் உச்சம் 2019இல் வந்தது. வேலையும் தண்ணீரும் கேட்டு அக்டோபரில் தெருவுக்கு வந்த இளைஞர்கள் சுடப்பட்டார்கள். காவலர்களையும் சேர்த்துக் குறைந்தது 560 பேர் செத்ததாக 2020இல் அரசே ஒத்துக்கொண்டது. சுட்டது யார்? 2019 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் தந்த பதில்: 'மூன்றாம் தரப்பு'. அக்கறையுள்ள குடிமக்கள், மைந்தர்கள், மக்கள் திரட்சி என்று சம்பளத்துக்குப் பெயர் வைக்கத் தெரிந்த நாட்டில், பிணத்துக்குப் பொறுப்பேற்க ஒரு பெயர்கூட இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கிறவர்கள் யாரும் அந்தத் தரப்பில் இல்லையா என்று அந்த இளைஞர்கள் திருப்பிக் கேட்டார்கள். மூன்றாம் தரப்பு அவர்கள் வாயில் கசப்பான கேலிச் சொல்லாயிற்று.

எல்லாத் துப்பாக்கியையும் நாளைக்கே பிடுங்கு என்று சொல்வது சுலபம்; மோசூலைக் கைவிட்டு ஓடிய ராணுவத்தை நம்பச் சொல்லும் உரிமை தூரத்திலிருக்கிற நமக்குக் கிடையாது. நான் கேட்பது சின்னது. செக்போஸ்டில் நிற்கிறவனுடைய பெயர், அவனை நிறுத்தியவர் பெயர், அவன் தப்பு செய்தால் போய் முறையிடுகிற இடம், இந்த மூன்றும் அந்தச் சாலையில் போகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி மணிக் கதையை மன்னர் புகழ் என்று நாம் ஒதுக்கிவிட்டோம், சரிதான். அந்தப் பசுவுக்காவது மணி எங்கே தொங்குகிறது என்று தெரிந்திருந்தது. சக்லாவியாவின் தாய்மார் எட்டு அலுவலகம் ஏறி இறங்கினாலும், "அது எங்க ஆள் இல்லம்மா" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்ல முடிகிறவரை, மீட்கப்பட்ட பகுதி என்று எழுதும்போது, யாரிடமிருந்து, யாருக்காக என்பதையும் சேர்த்து எழுத நம் பத்திரிகைகள் பழகிக்கொள்ளட்டும்.