ஏழாம் மாதத்து மாத்திரை

வாலாஜாபாத் பக்கம் தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வளைகாப்பு முடிந்த கையோடு. ஏழாம் மாதம், தவறினால் ஒன்பதாம் மாதம். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் மிகுந்திருக்கும் கர்ப்பிணிக்கு டெனோஃபோவிர் மாத்திரை வழக்கமாகத் தொடங்குவது 28ஆவது வாரத்தில், அதாவது அதே ஏழாம் மாதத்தில். மாத்திரை தொடங்கும் வேளையில் பெண் ஊர் மாறுகிறாள். தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் தடுக்கும் நம் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. கர்ப்பம் பதிவானதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஹெபடைடிஸ் பி-யும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. இந்தக் கூட்டுத் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். பிறப்பின்போது தொற்றிக்கொண்டால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு நோய் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடத் தங்காது. அந்த முதல் ஊசியின் மதிப்பு அவ்வளவு.

2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனை, மாத்திரை இரண்டையும் இலவசமாக்கியது. பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள்) ஊசியும் போட வேண்டும் என்கிறது. இதில் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தாய்லாந்து ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. அங்கே இரண்டு ஊசிகளும் பிறந்த ஓரிரு மணி நேரத்திலேயே போடப்பட்டன. டெனோஃபோவிர் எடுக்காத தாய்மார்களின் குழந்தைகளில்கூட 2 சதவீதம் பேருக்குத்தான் தொற்று. மாத்திரை எடுத்தவர்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை. ஊசி உரிய நேரத்தில் கிடைக்காத இடத்தில்தான் மாத்திரையின் தேவை கூடுகிறது. கிராமத்துப் பெண்ணுக்கு அது இன்னும் அவசியம் என்று பொருள்.

ஆனால் மாத்திரை யாருக்கு என்று முடிவுசெய்ய வைரஸ் அளவு தெரிய வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 2 லட்சம் யூனிட் என்பது எல்லை. அந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள், முடிவு வாங்க இன்னொரு நாள். ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் கணவனுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். அதற்குள் வளைகாப்பு வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் இதற்கு வழிவிட்டது: வைரஸ் அளவோ, கிருமி மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜெனோ பார்க்க வசதியில்லாத இடத்தில் பாசிட்டிவ் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கலாம். எதிர்ப்புக்கும் நியாயம் உண்டு. தேவையில்லாத பலரும் மாத்திரை விழுங்குவார்கள். நிறுத்தியபின் சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென ஏறும், அதைக் கவனிக்க ஆள் வேண்டும். இருந்தாலும் நம் கிராமங்களுக்கு இதுவே பொருத்தம். பிந்தி வரும் துல்லியத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன பயன்?

வீட்டு வைத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கீழாநெல்லி வெறும் பாட்டி நம்பிக்கை அல்ல. இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற பிளம்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் நல்ல பலனை எழுதினார்கள். பின்வந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கர்ப்பிணி அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் உறவினர் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை, பால் கொடுக்கலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. குழந்தை பிறந்ததும் தாய் பட்டியலிலிருந்து காணாமல் போகிறாள். அவள் கல்லீரலை யார் பார்ப்பது? கணவனுக்கும் மூத்த பிள்ளைக்கும் சோதனை எடுத்தார்களா? தாய்வீட்டுச் செவிலியருக்கும் புகுந்தவீட்டுச் செவிலியருக்கும் இடையே அவள் தொற்று பற்றிய தகவல் கைமாற வேண்டும். குறைந்தபட்சம், ஏழாம் மாதம் ஊர் மாறும்போது மீதி மாத்திரைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். குழந்தைக்கு நோய் தொற்றியதா என்று பார்க்க வேண்டியது 9 முதல் 12 மாதத்துக்குள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்காகப் புதன்கிழமை தாய் எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். அன்றைக்கே குழந்தையின் சோதனைக்கு நாள் குறித்து, அவள் ரத்தத்தையும் எடுத்துவிடலாம்.