ஓர் 'இல்', மூன்று பார்வை

ஆங்கில முன்னிடைச்சொற்களில் 'இன்' என்பதை நாம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரியில் கற்பித்துவிடுகிறோம்: 'இன் என்றால் இல்'. புதுச்சேரியின் தெருக்களை வைத்தே இந்தச் சமன்பாட்டை எடைபோடலாம்.

முதலில் அதன் பலம். 'புதுச்சேரியில்', '1954-இல்' என்ற இரண்டுக்கும் 'இன்' பொருந்துகிறது. பிரெஞ்சிலோ ஊருக்கு ஒரு சொல், ஆண்டுக்கு வேறொரு சொல். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபு, ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கிறது என்ற அடிப்படையும் ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் இந்த வழி, தொடக்க வகுப்புக்கு நல்ல வழிதான்.

குறை அடுத்த அடியிலேயே தொடங்குகிறது. பாரதி பூங்காவில் உட்கார்ந்திருந்தால் 'இன்'. கடற்கரைச் சாலையில் நடந்தால் 'ஆன்'. பேருந்து நிலையத்தில் நண்பரைச் சந்தித்தால் 'அட்'. தமிழில் மூன்றும் 'இல்'. காரில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்'. பிரெஞ்சு ஆட்சி கைமாறிய ஆண்டைச் சொல்ல 'இன்' போதும். நவம்பர் 1 என்று நாளைக் குறித்தால் 'ஆன்' வேண்டும். சமன்பாட்டை நம்பிய மாணவர் எல்லா இடத்திலும் 'இன்' எழுதுகிறார். அது அவருடைய கவனக்குறைவு அன்று. நாம் கொடுத்த விதியைத்தான் அவர் பின்பற்றுகிறார்.

'இல்' ஒன்று அங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஆங்கிலமோ அந்த இடத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்றும் கேட்கிறது: சுற்றி அடைத்த வெளியா, பரப்பா, ஒரு புள்ளியா? அதே பேருந்து நிலையத்தின் உள்ளே ஒதுங்கி நின்றதைச் சொன்னால் 'இன்' வரலாம். இடம் மாறவில்லை, பார்வை மாறியது.

இதைக் காரணம் காட்டித் தமிழையே வகுப்பிலிருந்து விலக்கச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த முறையின் பிழை தமிழைப் பயன்படுத்தியது அன்று, போதுமான அளவு பயன்படுத்தாதது. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைத் தருகிறது. உள், மேல், கீழ் எல்லாம் அவற்றில் அடக்கம். 'பெட்டியில்' என்பதைப் 'பெட்டிக்குள்' என்றும், 'மேசையில்' என்பதை 'மேசைமேல்' என்றும் பிரித்துச் சொல்லவைத்தால், 'இன்', 'ஆன்' வேறுபாட்டில் பாதி தமிழிலேயே தெளிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அந்த உதவி கிடைக்காது. 'காந்தி சிலைகிட்ட நிற்கிறேன்' என்கிறோம். ஆங்கிலம் அங்கே 'அட்' என்கிறது. தெருப்பெயருக்கு முன் பிரிட்டிஷார் 'இன்' என்பார்கள், அமெரிக்கர் 'ஆன்' என்பார்கள். இவை கேட்டும் படித்தும் பழக வேண்டியவை.

ஆகவே முதல் நாள் பாடமாக அந்தச் சமன்பாடு இருக்கட்டும். இரண்டாம் நாள், உள்ளேயா, மேலேயா, ஒரு புள்ளியிலா என்று பிள்ளையைக் கேட்போம்.