‘கோலங்கள்’: மறைந்த உறவும் மாறாத பகையும்

பாரதத்திலே கன்னன் தன் பிறப்பின் மறையை அறிந்தபின் செய்யும் போர், முன்னர் அவன் எண்ணியிருந்த போரன்று. எதிரே நிற்பவர் தம்பியர் என்னும் அறிவு அவன் வில்லைத் தளர்த்தாவிடினும் நெஞ்சைப் பிளந்துவிடுகின்றது. அருச்சுனன் ஒழிந்த நால்வரையும் கொல்லேன் எனத் தாய்க்கு வாக்களிக்கின்றான். அரிஸ்டாட்டில் அறிதலையும் திருப்பத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தமையும் இதுபற்றியே. மறை வெளிப்பட்டால் மாந்தர் மாறுதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு, சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை 1,533 பகுதிகளாக ஒளிபரப்பான ‘கோலங்கள்’ தொடரை நோக்குதல் தகும். திருச்செல்வம் இயக்கிய இதில் தேவயானி ஏற்ற அபி, தந்தை கைவிட்ட குடும்பத்தைத் தாங்கும் மூத்த மகள். கட்டடத் தொழிலில் தானே முயன்று உயர்பவள். அத்தொழிலில் அவளை வீழ்த்த முனையும் செல்வன் ஆதித்யா, அதே தந்தைக்கு மற்றொரு மனைவி வயிற்றிற் பிறந்தவன். தொழிற்பகை எனத் தோன்றியது உடன்பிறப்புப் பகையே என்பது கதையின் முடிச்சு.

முடிச்சு நன்று. அவிழ்ந்தபின் நிகழ்வது யாது? ஆதித்யா முன்னையினும் கொடியவனாகின்றானேயன்றி வேறொருவனாகவில்லை. இது நடிகர் குறையன்று. ஆறாண்டு நாள்தோறும் நீளவேண்டிய கதைக்குப் பகைவன் நெஞ்சிளகுதல் பெருங்கேடு. ஆகவே அறிதல் மாற்றத்தைத் தாராது அடுத்த சூழ்ச்சிக்கு விறகாகின்றது. வாணிகமோ பெயரளவில் உள்ளது. கொழும்புச் செட்டியார் தெருவிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை நடத்துபவர் கடன், வட்டி, கொள்முதல், கூலி என்பவற்றை இங்குத் தேடி ஏமாறுவர். ஒப்பந்தமும் வஞ்சகமுமே தொழிலெனக் காட்டப்படுகின்றன.

எனினும் தொடரின் முற்பகுதியைத் தள்ளிவிடுதல் முறையாகாது. மணமான மகளின் சம்பளம் எவர்க்குரியது என்னும் வினா அங்கே கூசாமல் எழுப்பப்படுகின்றது. மனைவியின் பொருளிற் கண்வைக்கும் கணவன் பாஸ்கரும், அவளையே நம்பியிருக்கும் பிறந்தகமும் அவளை இருபுறமும் இழுக்கும் காட்சிகள், வெள்ளவத்தை மாடிவீடொன்றில் மாதமுடிவிற் பணத்தை இரு கூறாக்கும் பெண்ணுக்கு அயலானவை அல்ல. பின்னர் வந்த சூழ்ச்சிகளின் ஆரவாரத்தில் அவ்வினா அமுங்கிப்போயிற்று. ஆதித்யாவைத் தண்டிக்க விரையும் கதை, இரு மனைகட்கும் இடையே அம்மறையை வளர்த்த தந்தையிடம் அத்துணைக் கடுமை காட்டவுமில்லை.