கந்தசட்டியும் சூரன் கண்ட காட்சியும்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளாகிய வளர்பிறைப் பிரதமை தொடங்கிச் சட்டி ஈறாக ஆறு நாள் முருகப்பெருமானைக் குறித்து நோற்கப்படுவது கந்தசட்டி விரதம். ஈழத்துச் சைவ மக்களிடையே இவ்விரதம் பெற்றுள்ள இடம் பெரிது. தண்ணீர் மட்டும் அருந்தி ஆறு நாளுங் கழிப்பாரும், பாலும் பழமுங் கொள்வாரும், ஒருபொழுது உண்பாரும் எனத் தத்தம் உடல்நிலைக்கேற்ப நோற்போர் பலர். ஏழாம் நாட் காலையிற் பாரணை செய்து நோன்பை நிறைவு செய்வர்.

இவ்விரதத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலன விதியையும் பயனையும் கூறி அமைவன. அவையும் வேண்டுவனவே. ஆயின் இந்நோன்புக்குப் பற்றுக்கோடாய் நிற்பது ஒரு பெருங்காப்பியம் என்பதையும், அக்காப்பியத்துக்கெனத் தனியே ஒரு கருத்து உண்டு என்பதையும் நாம் மறந்துவிடுகின்றோம். கந்தபுராணத்துச் சூரபன்மன் வதைப் படலத்தில் ஓரிடத்தை ஆராய்ந்து, அவ்விடத்தை விட்டுவிடின் சட்டி நோன்பின் பொருள் குன்றும் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோன்பைப் பற்றிப் பொதுமக்களிடையே வழங்குங் கருத்துகள் இரண்டு. ஒன்று, இது மகப்பேறு முதலிய பயன்களை வேண்டி நோற்கப்படுவது என்பது. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழிக்கு, சட்டித் திதியில் நோன்பிருந்தால் அகமாகிய பையில் மகவு வரும் எனப் பொருள் விரிப்பதைப் பிரசங்க மேடைகளிற் பலகாலுங் கேட்கின்றோம். சிலேடை சுவையுடையது. எனினும், கலத்தில் உள்ளதே கரண்டியில் வரும் என்னும் நேர்ப்பொருளே அப்பழமொழிக்கு உரியது. மற்றைய கருத்து, இது அசுரனைக் கொன்ற வெற்றியைக் கொண்டாடும் நாள் என்பது. முதற்கருத்து நோன்பைக் கொடுக்கல் வாங்கல் ஆக்குகின்றது. இரண்டாவது அதனைப் பிறனொருவனது தோல்வியிற் பெறும் மகிழ்ச்சி ஆக்குகின்றது. இன்னும், வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறுபடுங் காலத்துச் சட்டி எந்நாள் என்று வாதிப்பார் உளர். ஞாயிற்றினின்றுந் திங்கள் 60 பாகை விலகியது முதல் 72 பாகை விலகும் வரையுமுள்ள காலமே வளர்பிறைச் சட்டித் திதி. அக்கணக்கில் வரும் வேறுபாடு ஆராயத்தக்கதே. ஆயினும் நாளைப் பற்றி எழும் வாதத்தின் ஒரு கூறேனும் அந்நாளின் பொருளைப் பற்றி எழுவதில்லை.

காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய கந்தபுராணம் ஆறு காண்டங்களையும் 10,345 செய்யுள்களையும் உடையது. நான்காவதாகிய யுத்த காண்டமே சட்டி நாளில் நாம் நினைவுகூரும் போரைக் கூறுவது. சூரபன்மன் எளிய பகைவன் அல்லன். கடுந்தவஞ் செய்து, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடத்திற் பெற்றவன். தென்கடலில் வீரமகேந்திரம் என்னும் நகரமைத்துத் தேவரை ஏவல் கொண்டவன். தேவரைச் சிறை விடுமாறு வீரவாகுதேவரைத் தூதனுப்பிய பின்னரே பெருமான் போர் மேற்கொள்கின்றார். தம்பியாகிய சிங்கமுகனும் அதனையே எடுத்துரைக்கின்றான். சூரன் செவிசாய்த்தான் அல்லன்.

யுத்த காண்டம் முழுவதும் ஒரே தரத்தது என்று கூறுதல் நடுநிலையாகாது. படைக்கல எண்ணிக்கைகளும், மாயைப் போர்களும், ஒருவர்பின் ஒருவராக வந்து மடியும் வீரர்களின் வரலாறுகளும் பலவிடத்துச் சலிப்பை விளைக்கின்றன. கம்பராமாயணத்தின் சாயல் தெளிவாகவே தோன்றுகின்றது. வீரவாகு தூதில் அனுமனையும், அசமுகியிற் சூர்ப்பணகையையும், அறிவுரை கூறியும் தமையனுக்காகவே பொருது மடியும் சிங்கமுகனிற் கும்பகருணனையும் காணாதார் இலர். கும்பகருணன் நம் நெஞ்சில் நிற்கும் அளவுக்குச் சிங்கமுகன் நிற்கின்றான் அல்லன் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இவை கொண்டு கச்சியப்பரைக் கம்பரின் நிழல் என்று தள்ளிவிடுவாரும் உளர். அவர்க்கு விடையாக அமைவது சூரபன்மன் வதைப் படலத்திற் காணப்படும் ஓர் இடமே.

தம்பியரையும் மைந்தரையும் படைகளையும் இழந்து தனித்து நிற்கின்றான் சூரன். அந்நிலையிற் பெருமான் தமது பேருருவத்தை அவனுக்குக் காட்டுகின்றார். அதுகாறும் பாலன் என்று இகழ்ந்து வந்தவன், அவ்வுருவத்தைக் கண்ட அளவிலே நிலைமாறுகின்றான். எல்லாவற்றுக்கும் மூலகாரணமாய் நிற்கும் மூர்த்தியே இவர் என்பதை உணர்கின்றான். முன்னர் அறியாமற் போனமையை எண்ணுகின்றான். அவன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை விழைகின்றன. கால் வலஞ்செய்ய விழைகின்றது. கை குவிய விழைகின்றது. தலை தாழ விழைகின்றது. நாத் துதிக்க விழைகின்றது. தீமை நீங்கி இவருக்கு ஆளாய் வாழவேண்டும் என்று அவனே கருதுகின்றான். இத்தனையும் விழைந்த பின், தன்னைத் தடுப்பது இன்னதென்பதையும் அவனே கூறுகின்றான். அது மானம் ஒன்றே.

கம்பரின் இராவணனும் இறுதிப் போரில் இத்தகைய ஓரிடத்தை அடைகின்றான். எதிர்நிற்பவன் வேதங் கூறும் முதற்காரணனோ என்ற ஐயம் அவனுக்கும் எழுகின்றது. எவனாயினும் ஆகுக, என் ஆண்மையினின்றும் நீங்கேன் என்று அவன் அக்கணமே அதனைக் கடந்துவிடுகின்றான். அது வீரத்தின் உச்சம். அவ்விடத்திற் கம்பர் பெற்ற வெற்றியை எவரும் மறுக்கமாட்டார். ஆயின் கச்சியப்பர் சென்ற வழி வேறு. சூரனுக்கு ஐயம் இல்லை, தெளிவே உண்டு. பணிய விருப்பம் இல்லாமையும் இல்லை, விருப்பமே நிறைந்திருக்கின்றது. அறிவும் விருப்பமும் கூடியிருந்தும் செயல் நிகழாமையே அவன் துன்பம். இராவணனை நாம் வியக்கின்றோம். சூரனில் நம்மையே காண்கின்றோம். நன்றெனத் தெளிந்ததைச் செய்ய இயலாது நின்ற நாள் யாருக்குத்தான் இல்லை?

இங்கே மானம் என்னுஞ் சொல்லை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். புலவர் செருக்கு என்னவில்லை, சினம் என்னவில்லை, தமிழர் பெரிதும் போற்றிய ஒரு பண்பின் பெயரையே தடையாக வைத்தார். வள்ளுவர் 97ஆம் அதிகாரத்தை மானத்துக்கென வகுத்தார். கரிகாலனோடு வெண்ணியிற் பொருது, மார்பில் ஏறிய வேல் முதுகிலும் புண்செய்தமையால் நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாராட்டுகின்றது. அதுவும் ஓர் உண்ணாநோன்பே. மானத்தைக் காத்தற்கு மேற்கொண்ட நோன்பு அது. சட்டி நோன்போ மானத்தை விடுதற்கு மேற்கொள்ளப்படுவது. ஒரு மொழியின் இலக்கியத்தில் இவ்விரண்டும் இடம்பெற்றமை வியப்புக்குரியது. மனிதர்முன் மானம் அணி. இறைவன்முன் அதுவே விலங்கு. சைவ சித்தாந்தம் ஆணவம் எனக் கூறுவதைக் கச்சியப்பர் சாத்திரச் சொல்லாற் கூறாது, கேட்போர் நெஞ்சிலே தைக்குமாறு, அவர்கள் நற்பண்பெனக் கொண்டாடும் சொல்லாலேயே கூறியமை அவரது புலமைத் திறம்.

ஈண்டு ஒரு தடை நிகழ்த்தப்படலாம். பெருமான் பேருருவத்தை ஒடுக்கிப் பழைய வடிவங் கொண்டவுடன் சூரனுடைய தெளிவு நீங்கிச் சினம் மீள்கின்றது. அங்ஙனமாயின் அவன் தவறியது மானத்தாலோ, அருள் மீட்கப்பட்டமையாலோ? பின்னதாயின் அவன்மேற் குற்றம் யாது? இத்தடையை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. புலவர் அம்மாற்றத்தை விரைந்தே கூறிச் செல்கின்றார் என்பதும் உண்மை. ஆயினும் நிகழ்ச்சிகளின் முறையை நோக்குக. மானந் தடுத்தது என்று சூரன் கூறுவது காட்சி கண்முன் நிற்கும்பொழுதே. அது மறைந்த பின்னர் அன்று. பணிதற்கு வேண்டிய காலம் அவனுக்கு அளிக்கப்பட்டது. காட்சி ஒருவனைத் தெளிவிக்கும். அவன் தலையை அது தானே வளைப்பதில்லை. வளைத்தல் அவன் செயல்.

இதுவே நோன்பின் பொருளை நமக்குக் காட்டுகின்றது. ஆறு நாளும் விரதி செய்வன யாவை? நீராடிக் கோயிலை அடைகின்றான், வலம் வருகின்றான், கை குவிக்கின்றான், தலை தாழ்த்துகின்றான், நாவால் துதிக்கின்றான். சூரனுடைய உறுப்புகள் விழைந்தும் செய்யாது விட்ட அதே செயல்களை விரதியின் உறுப்புகள் செய்கின்றன. பசியினால் உடல் தளருந்தோறும் 'நான்' என்னும் நிமிர்வும் ஒரு சிறிது தளர்கின்றது. சூரனிடத்து அறிவும் விருப்பமும் இருந்தன, பழக்கம் இருந்ததில்லை. ஆண்டுதோறும் ஆறு நாள் பணிதலைப் பழகுவோன், பணியவேண்டிய வேளை வரும்பொழுது இடர்ப்படான். கலத்தில் உள்ளதே கரண்டியில் வரும் என்ற பழமொழி, அதன் நேர்ப்பொருளிலேயே, இந்நோன்புக்கு எத்துணைப் பொருத்தமாய் அமைகின்றது!

படலத்தின் முடிவும் இதனையே வலியுறுத்துகின்றது. வதைப் படலம் என்ற பெயர் இருப்பினும் சூரன் அழிந்துபோகின்றான் அல்லன். மாமரமாய் நின்ற வடிவை வேல் பிளக்கின்றது. தன்னுருவொடு மீண்டும் எதிர்த்தவனை இரு கூறாக்குகின்றது. அக்கூறுகள் சேவலும் மயிலுமாய்ச் சினந்து வருகின்றன. பெருமானின் அருள்நோக்கம் பட்ட அளவில் அவை அமைதி பெற்றுக் கொடியும் ஊர்தியும் ஆகின்றன. பணிய மறுத்த தலை சுமக்கும் முதுகாயிற்று. துதிக்க மறுத்த நா கூவி அறிவிக்கும் குரலாயிற்று. முருகன் சந்நிதியில் மயிலைக் கண்டு வணங்குவோன் ஒருவகையிற் சூரனையே காண்கின்றான் என்பதை எண்ணின், வெற்றிக் களிப்பென்னும் இரண்டாவது கருத்துத் தானே நீங்கிவிடும்.

சட்டி மாலையில் நம் கோயில் வீதிகளில் நிகழும் சூரன்போர் பலரும் அறிந்தது. மரத்தாற் செய்த சூரனுருவைத் தோள்களிற் சுமந்து ஆட்டுவர். யானைத்தலை வீழும், சிங்கத்தலை வீழும், சூரன் தன்தலையோடு வருவான், மாமரமாவான், இறுதியிற் சேவலும் மயிலும் தோன்றும். சிறுவர் முதல் முதியோர் வரை கண்டு களிக்கும் இக்காட்சி மக்கட்கலையாகப் போற்றத்தக்கது. ஆனால் தலைமாற்றத்தைக் காட்டவல்ல அக்கலையால் மனமாற்றத்தைக் காட்டுதல் அரிது. சூரன் பெருமானைக் கண்டு உருகி நின்ற கணத்துக்கு அங்கே இடமில்லை. நம் முன்னோர் அக்குறையை நிறைக்கும் வழியை அறிந்திருந்தனர். ஒருவர் செய்யுளைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பயன்சொல்லும் புராணபடனமே அது. வீதியிற் கண் கண்டதன் உட்பொருளை மண்டபத்திற் செவி கேட்டது. யாழ்ப்பாணத்தார் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) குறித்தமை இக்கேள்விப் பயிற்சியை உளங்கொண்டே எனலாம். வீதிக் காட்சி வளர்ந்து மண்டபத்துக் கேள்வி குறையுமாயின், எஞ்சுவது வெட்டுண்ட மரத்தலைகளே.

இன்னுமொன்று கருதத்தக்கது. சட்டி விரதத்தைப் புலவர் யுத்த காண்டத்திற் கூறவில்லை. ஆறாவதாகிய தட்ச காண்டத்திலே, கந்தவிரதப் படலத்தில், முசுகுந்த மன்னனுக்கு வசிட்ட முனிவர் கூறுவதாக, வெள்ளிக்கிழமை விரதத்தோடும் கார்த்திகை விரதத்தோடும் சேர்த்து அதனை வைத்தார். அதனையடுத்து வருவது வள்ளியம்மை திருமணப் படலம். நூல் அதனோடு நிறைவுறுகின்றது. போர்க்களத்துக்கு அருகில் வைக்கவேண்டிய நோன்பைத் திருமணத்துக்கு அருகில் வைத்தமை தற்செயல் என்று கொள்ளல் வேண்டுவதில்லை. சூரனையும் வள்ளியையும் பெருமான் தாமே தேடிச் சென்றார். ஒருவன் எதிர்த்துப் பின் ஆட்பட்டான். மற்றையவள் அன்பினால் ஆட்பட்டாள். எதிர்ப்பினின்றும் அன்புக்குச் செல்லும் வழியில் நோன்பு நிற்கின்றது.

ஆதலின் கோயிற் புராணபடனம் நடத்துவோரும், பாடசாலைகளிற் சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியரும் ஒன்றைச் செய்தல் நன்று. சட்டி நாளிற் படலத்தை விரைந்து முடித்து வேலெறிதலுக்குச் செல்லாது, சூரன் காட்சி கண்டு நிற்குஞ் செய்யுள்களிற் சற்றே தங்கிப் பயன்சொல்லுக. பட்டினியால் மெலிந்த உடலோடு அமர்ந்து கேட்போர்க்கு அச்செய்யுள்களின் பொருள் எளிதில் விளங்கும். சூரன் யார் என்று பின்னர் ஒரு மாணவனை வினவினால், கொல்லப்பட்ட அசுரன் என்று மட்டும் அவன் விடை கூறான். வணங்க விரும்பியும் வணங்காது நின்றவன் என்றுங் கூறுவான். அவ்விடையை அறிந்து நோற்கும் நோன்பே கந்தபுராணத்துக்கு ஒத்த நோன்பாகும்.