அடிக்காத நாக்கு

தேர்ப்பவனியின் பின்னே பேண்டு வாத்தியத்தோடு நடந்து பழகிய காதுகள் நம்முடையவை. தெருமுனையில் மெட்டு கேட்டதுமே இன்ன பாடல் என்று கண்டுகொள்கிறோம். ஆனால் ட்ரம்பெட் ஊதுபவர் விரைவான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் நேர்வதென்ன? சுரங்கள் குழைந்த சோறுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அல்லது சரவெடிபோல் ஒவ்வொன்றும் தனித்தனியே தெறித்து, பாட்டு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் புனித பவுல், தெளிவற்ற ஒலி எழுப்பும் எக்காளத்தை உவமையாக்கியது அப்போதெல்லாம் நம் நினைவுக்கு வரும். அவர் பேசிய பொருள் வேறு. எனினும், எக்காளத்தின் ஒலி பொருளுள்ளதாவது அதன் தெளிவினால்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வாத்தியக்காரர்களிடம் காற்று இருக்கிறது, விரல் இருக்கிறது. சுரத்தைச் சொல்லாக்கும் நாவுக்குத்தான் பயிற்சி இல்லை.

இக்குறைக்கு மருந்தென்று உலகெங்கும் ட்ரம்பெட் பயில்வோர் கையிலெடுக்கும் நூல் ஒன்று உண்டு. லியோன் நகரில் 1825இல் பிறந்து பாரீசில் 1889இல் மறைந்த ழான்-பத்தீஸ்த் ஆர்பன் என்பவர் 1864இல் வெளியிட்ட கார்னெட் பயிற்சி நூலே அது. பாரீஸ் இசைக் கல்விக்கூடத்தில் 1869இல் கார்னெட் பேராசிரியர் ஆனவர் அவர். அமெரிக்காவில் கார்ல் ஃபிஷர் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பே நம் பக்கம் வந்து சேர்ந்தது. கனத்த நூல். இதனைத் 'ட்ரம்பெட்டின் விவிலியம்' என்று அத்துறையினர் அழைப்பதுண்டு. அந்தப் பட்டத்தை நாம் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். ஆனால் ஒரு வகையில் அது பொருந்தவே செய்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிறது, சிலரே படித்திருக்கிறார்கள்.

நாம் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நம் பங்கின் பேண்டில் ஒரு தம்பி கார்னெட் ஊதினான். நல்ல காற்று, நல்ல செவி. மும்மூன்றாக ஓடும் சுரங்கள் வரும் இடத்தில் மட்டும் அவனுக்குத் திக்கும். பயிற்றுவித்தவர், "நாக்கால் அடி, நன்றாக அடி" என்றார். அவன் அடித்தான். அடிக்க அடிக்க ஒலி முரடானது, உதடு வீங்கியது, வேகம் வரவில்லை. ஒரு திருவிழாவில் கொடியேற்றத்தின்போது எல்லார் முன்னிலையிலும் ஓரிடத்தில் நின்றுபோனான்; அதன்பின் பெட்டியைத் திறக்கவில்லை. அவனிடமிருந்தது ஆர்பன் நூலின் ஜெராக்ஸ் பிரதிதான். ஆனால் சுரப் பக்கங்கள் மட்டுமே நகலெடுக்கப்பட்டிருந்தன. பயிற்சிகளுக்கு முன்னே வரும் விளக்கப் பக்கங்கள், ஆங்கிலத்தில் இருப்பதால் பயனில்லை என்று விடப்பட்டிருந்தன. விடப்பட்ட பக்கங்களில்தான் அவனுக்கு வேண்டியது இருந்தது.

அங்கே ஆர்பன் சொல்வதை நம் சொற்களில் தருகிறோம். 'நாவடி' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் வெறும் வழக்குச் சொல். நாக்கு எதையும் அடிப்பதில்லை. மேற்பல் வரிசையில் பொருந்தி வாயை அடைத்து நிற்கிறது, பின்பு விலகுகிறது. விலகும்போது, அதுவரை தடுக்கப்பட்டிருந்த காற்று மவுத்பீசுக்குள் பாய்ந்து ஒலியாகிறது. ஆக, நாக்கு ஒரு வால்வு. ஒலியை உண்டாக்குவது அதன் வருகையன்று, அதன் விலகலே.

நூலின் உயிர் இந்த ஒரு பத்தியில் இருக்கிறது என்பது நம் துணிபு. 'அடி' என்ற சொல் மாணவனை முன்னோக்கித் தள்ளுகிறது. 'விலகு' என்ற சொல் அவனைத் தளர்த்துகிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர் மடையைத் திறக்கத் தண்ணீரை உந்துவதில்லை. பலகையைத் தூக்குகிறார், தண்ணீர் தானே போகிறது. ஒரு சொல் பிழையாகப் போனதால் ஒரு தலைமுறை ஊதுவோரின் உதடுகள் துன்புற்றிருக்கின்றன. அவர்களுள் அந்தத் தம்பியும் ஒருவன்.

இனி அசைக்கு வருவோம். ஆர்பன் அடிப்படையாகக் கொள்வது ஒரே அசை. அதனை ரோமன் எழுத்தில் இரண்டே எழுத்துகளாக எழுதுகிறார். மும்மை நாவடிக்கு அதனை இருமுறை சொல்லி, மூன்றாவதாக ககர அசை ஒன்றைச் சேர்க்கிறார். இரட்டை நாவடிக்கு ஒன்று விட்டு ஒன்று. ஆங்கிலப் பதிப்பு அந்த எழுத்துகளை அப்படியே விட்டுவைத்தது. விளைவு என்ன? ஆங்கிலேயர் அதனைத் தம் நாவுக்கேற்ப, பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் நுனிநாவை வைத்து, மூச்சுக் கலந்து ஒலிக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதோ பல்லை ஒட்டி, மூச்சுக் கலவாமல். உயிரும் வேறு. அது நம் உகரமன்று. உதடு உகரத்துக்குக் குவிய, நாக்கு இகரத்துக்கு உயர்ந்து நிற்கும் ஓர் ஒலி. நாக்கு அவ்வாறு முன்னே உயர்ந்து நிற்பதனால் அது விலகி மீளும் தொலைவு குறைகிறது. ஆர்பன் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என எண்ணியிருப்பார், தம் மாணவர்க்கு அது தாய்மொழி அல்லவா?

நம் நிலை இன்னும் வேடிக்கையானது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், தகர நகரங்கள் பிறக்கும் இடத்தைக் கூறுகையில், அண்ணத்தை அடுத்த பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து ஒற்றுவதைச் சொல்கிறது. ககரத்துக்கு அடிநாவும் அண்ணமும். ஆர்பன் வேண்டும் நா நிலையும் ஏறத்தாழ இதுவே. பல்லில் பரந்து பொருந்தி மூச்சுக் கலவாமல் ஒலிக்கும் ஒலியை நாம் பிறந்த நாள்முதல் ஒலித்து வருகிறோம். அதாவது, இம்மெய்யைப் பொறுத்தவரை, ஆங்கிலேயரைவிட நமக்கே ஆர்பன் அண்மையானவர். ஆனால் நம் பயிற்றுநர் ரோமன் எழுத்தைக் கண்டதும் அதனைத் 'து' என்று வாசிப்பதில்லை, 'டு' என்றே வாசிக்கிறார். ட்ரம்பெட், டிக்கெட், டவுன் என்று எழுதிப் பழகிய கை அல்லவா? டகரத்துக்கு நுனிநா மேல்நோக்கி மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். மடிந்து, தொட்டு, நிமிர்ந்து, மறுபடி மடிந்து என்று ஒரு வினாடிக்கு எட்டுமுறை செய்ய முயல்பவன் களைத்துப் போவதில் வியப்பென்ன? கையிலிருந்த பொருளைக் கீழே போட்டுவிட்டுக் கடன் வாங்கப் போன கதை இது.

நாகசுரக் கலைஞர்கள் நாவினால் சுரங்களைப் பிரித்து ஊதும் முறைக்குத் 'துத்துகாரம்' என்று பெயர். அப்பெயரே அசையைச் சொல்லிவிடுகிறது. தஞ்சைத் தெருக்களில் பிறந்தவனுக்கும் பாரீஸ் கல்விக்கூடத்தானுக்கும் நாக்கு ஒன்றே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்! அப்பெயரில் உள்ள தகர ஒற்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் தனித் தகரம் சொல்லின் முதலில் வலிந்தும் இரண்டு உயிர்களுக்கிடையே நலிந்தும் ஒலிக்கும். 'துதுகு' என்று ஒரு தமிழர் விரைந்து சொன்னால் முதல் அசை மட்டுமே கூர்மையாக நிற்கும். மற்ற இரண்டும் குழையும். நம் பேண்டுகளில் கேட்கும் குழைவுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். 'துத்துக்கு' என்று இரட்டித்தால் கூர்மை மீளும். ஆனால் ஒற்றில் நாக்கு சற்று நேரம் தங்கிக் காற்றை நிறுத்திவிடும். ஆகவே இரட்டித்த ஒலியின் வலிமையும் இரட்டிக்காத ஒலியின் விரைவும் ஒருங்கே வேண்டும். இதனை எழுதிக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. வாயால் சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும்.

நூலைப் புகழ்ந்தது போதும். அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தன்னோடு தானே முரண்படுகிறது. நாக்கு வெறும் வால்வு என்றவர், அது விலகும்போது காற்று வன்மையாகப் பாய்வதாகவும் எழுதிவிட்டார். அச்சொல்லைப் பிடித்துக்கொண்ட மாணவன் நாக்கின் பின்னே காற்றை அடைத்து அடைத்து வைத்துத் திறப்பான். அப்போது ஒலி தாமதித்து, வெடித்துப் பிறக்கும். அதே ஆர்பன், அசையை வேண்டிய அளவு மென்மையாக்கலாம் என்றும், பிணைப்புக் கோட்டின் கீழ்ப் புள்ளியிட்ட சுரங்களுக்கு இன்னும் மெலிந்த அசையைக் கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் முதலில் படித்ததே மனத்தில் நிற்கிறது.

மூச்சைப்பற்றிப் போதிய விளக்கம் இல்லை என்பது அடுத்தது. நாவடிப் பிழைகளில் பாதிக்கு மேல் மூச்சுப் பிழைகளே என்று நாம் சொல்வோம். நாக்கு எவ்வளவு அசைந்தாலும் காற்று ஒரே நீண்ட சுரத்துக்குரிய காற்றாக ஓட வேண்டும். வாயெதிரே ஒரு தாள் துண்டைப் பிடித்து அசைகளைச் சொல்லி ஊதிப் பார்த்தால் தெரியும். தாள் சாய்ந்தபடியே நிற்க வேண்டும், படபடக்கக் கூடாது. இந்த எளிய சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இரட்டை நாவடிக்கு முன்னே மும்மையை வைத்த வரிசையைப்பற்றி வாதிட இடமுண்டு. நாம் வாதிடப் போவதில்லை. ஆனால் ககர அசையை மட்டும் தனியே பயில இடம் ஒதுக்காதது பெருங்குறை. தகரம் வலியது, ககரம் மெலியது. மெலியதைத் தனியே வளர்க்காமல் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 'கு, கு, கு' என்று மட்டுமே நடுச் சுரம் ஒன்றில் மெதுவாக, அது தகரத்தினின்று வேறுபாடு தெரியாத அளவுக்கு வரும்வரை ஊதிய பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்ற வேகத்தை ஒட்டியே பலருக்கும் தனி நாவடி தளரத் தொடங்கும்; அதற்கு மேலேதான் ககரத்தின் துணை தேவை. நம்மவர் அறுபதிலேயே அதைத் தேடுகிறார்கள்.

அசைகளை எழுதிப் பயிற்றுவித்ததில் ஆர்பன் முதல்வர் அல்லர். இத்தாலியரான ஜிரோலமோ ஃபந்தீனி 1638இலேயே ட்ரம்பெட் நூலில் அசைகளை எழுதியிருக்கிறார். இறுதியானவரும் அல்லர். சூசா இசைக்குழுவில் கார்னெட் ஊதிப் புகழ்பெற்ற ஹெர்பர்ட் கிளார்க்கின் வழிவந்த கிளாட் கார்டன், நாவின் நுனியைக் கீழ்ப்பல்லருகே வைத்து நாவின் முன்னுடலால் ஒலியைத் தொடங்கக் கற்பித்தார். ஆர்பனின் மேற்பல் விதிக்கு இது நேர் எதிர். ஆனால் 1982இல் ஆர்பன் நூலுக்குக் குறிப்புரை எழுதிப் பதிப்பித்தவரும் அதே கார்டன்தான்! மறுத்துக்கொண்டே மதிக்க முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அண்மை ஆண்டுகளில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், பிரெஞ்சு ஹார்ன் ஊதுவோரின் நாக்கு வாய்க்குள் அசைவதைக் காந்த அலைப் படக்கருவியால் அசையும் படமாகவே எடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உறுப்பைப்பற்றி இத்தனை காலம் ஊகித்தே எழுதியவர்களை எண்ணும்போது, ஆர்பன் ஊகித்தது எவ்வளவு அருகில் வந்தது என்பதே வியப்பு.

அந்தத் தம்பி இன்று இரு பிள்ளைகளின் தந்தை. சென்ற தவக்காலத்துக்கு முன் ஒரு மாலை அவனை வீட்டுக்கு அழைத்து, விடுபட்ட பக்கங்களைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். நாக்கு அடிப்பதில்லை என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னான். பிறகு கருவி இல்லாமலே, உள்ளங்கையை வாயெதிரே பிடித்துக்கொண்டு, 'து' என்று மெல்ல ஊதிப் பார்த்தான். 'டு' என்று ஊதினான். மீண்டும் 'து'.

"அண்ணே, இத அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றான்.

போகும்போது நாம் எழுதி வைத்திருந்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பெட்டியைத் திறந்தானா என்று நாம் இன்னும் கேட்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் அவன் வீட்டைக் கடக்கும்போது மட்டும் சற்று மெதுவாக நடக்கிறோம்.